இடது காதுப் பக்கம் ஒரு நாற்காலி

சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று லைன் அக்காவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குளிர்பான பாட்டில் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கழுவிய கண்ணாடி பாட்டில்கள் பெல்ட்டின் மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவரும். விளக்கு வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்து, விரிசல் விட்டதையும் அழுக்குப் போகாததையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த வரிசையில் பதினாலு பெண்கள். அவர்களுக்கு இவள் தலைவி. அதனால் லைன் அக்கா. அக்கம்பக்கத்தாரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கும் கோபம் வந்தால் அதே பெயர்தான்.

தொழிற்சாலை பிளாஸ்டிக்குக்கு மாறி, இடமும் மாறி, கதவைச் சாத்திக்கொண்டு போய் ஐந்து மாதமாகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் வீட்டு அலமாரிகள் மூன்று முறை இடம்பெயர்ந்தன. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வீட்டுக்காரர் மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றினால், செருப்பு வைக்கும் தட்டு வேறு எங்கோ போயிருக்கும்.

"நாளைக்கு நான் வர்றப்ப வீடாவது இங்கயே இருக்குமா?" என்று ஒருநாள் கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது புதிதில்லை. "உங்கம்மா எதையும் காதுல போட்டுக்க மாட்டா" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

காதில் போட்டுக்கொள்ள அவளுக்கு ஆசைதான். வலது காது போய் எட்டு வருஷம் இருக்கும். ஒரே நாளில் போகவில்லை. முதலில் உள்ளே ஒரு ரீங்காரம் வந்தது, அப்புறம் அந்த ரீங்காரமும் போய்விட்டது. இடது காதில் பாதி மிச்சம். லட்சக்கணக்கான பாட்டில்கள் இடித்துக்கொண்ட சத்தம் கொண்டுபோனதை எந்த மருந்து திருப்பிக் கொடுக்கும் என்று அவள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. தொழிற்சாலையில் அதை மறைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது, எல்லாம் கையசைவும் உதட்டசைவும்தான். சங்கடம் வீட்டில்தான். சாவி எங்கே என்று கேட்டால் காபி வரும். அப்படி இரண்டு மூன்று தடவை ஆன பிறகு, சரியாக விளங்காத எதற்கும் பதில் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்குத் திமிர் என்று பேச்சாயிற்று. காது கேட்காதவள் என்பதைவிடத் திமிர் பிடித்தவள் என்பது அவளுக்குக் கௌரவமாகப் பட்டது.

அப்படியிருக்கும்போதுதான் சலவை ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்பு, துண்டு, தலையணை உறையெல்லாம் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற பெரிய ஆலை. துணி தேய்க்கும் கூடத்துக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்று விளம்பரம் பார்த்து மகள்தான் எழுதிப் போட்டிருந்தாள். போனை எடுத்ததும் மகள்தான். பேசி முடித்துவிட்டு வந்தவள், அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"வியாழக்கிழமை பன்னெண்டரைக்கு வரச் சொல்றாங்க. ஆபீசுக்கு இல்ல. சாப்பாட்டுக்கு."

"சாப்பாட்டுக்கா?"

"அவங்க முதலாளி எப்பவும் அப்படித்தானாம். சாப்பிட்டுக்கிட்டே பேசினாதான் ஆள் எப்படின்னு தெரியுமாம். ஆலைக்குப் பக்கத்துலயே மாடியில ஒரு ரெஸ்டாரண்ட் இருக்காம். அவரும் மேனேஜர் மேடமும் வருவாங்களாம்."

வீட்டுக்காரர் சிரித்தார். "அப்ப வேலை கெடச்ச மாதிரிதான். சாப்பிடறதுல உன்னை யாரும் கொறை சொல்ல முடியாது. தட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடுவ."

அது உண்மை. பத்து நிமிஷ இடைவேளையில் சாப்பிட்டுப் பழகிய வாய். ஆனால் அவளுக்கு உதைத்தது அதுவல்ல. அலுவலகத்தில் என்றால் ஓர் அறை, ஒரு மேஜை, எதிரே ஒரு ஆள். உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். ரெஸ்டாரண்டில் நூறு பேர் பேசுவார்கள், தட்டு உருளும், கரண்டி விழும். அதற்கு நடுவில் ஒருவர் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசினால் எந்த உதட்டைப் பார்ப்பது?

மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். நாகரிகமான விஷயங்களில் அவள் வைத்ததுதான் வீட்டில் சட்டம். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள்.

"முள்ளு இருக்கற மீன் கேட்காத. சூப்பை ஊதிக் குடிக்காத. அவங்க எடுத்தப்புறம் நீ எடு. போனைப் பைக்குள்ள போடு. கேள்வி கேட்டதும் பட்டுனு பதில் சொல்லாத, அதே கேள்வியைத் திருப்பிச் சொல்லிட்டு ஆரம்பி. யோசிச்சுப் பேசற மாதிரி இருக்கும்."

காதில் விழாத கேள்வியை எப்படித் திருப்பிச் சொல்வது என்று லைன் அக்கா கணக்குப் போட ஆரம்பித்தாள்.

மகள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, கேட்டியா இல்லயா?"

"கேட்டுச்சு. யோசிக்கிறேன்."

"என்ன கேட்டேன், சொல்லு?"

"பால் பொங்குது பாரு," என்றாள் லைன் அக்கா. நல்ல வேளையாக அது நிஜமாகவே பொங்கியது.

புதன்கிழமை மத்தியானம் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி அந்த ரெஸ்டாரண்டுக்குப் போனாள். கீழே மருந்துக் கடை, மேலே சாப்பாட்டுக் கூடம். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒவ்வொரு நாற்காலியாக மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் ஜன்னலோர மூலையில் ஒரு மேஜை அகப்பட்டது. அங்கே உட்கார்ந்தால் வலது பக்கம் சுவர். பேசுகிறவர்கள் இடது பக்கமும் எதிரிலும்தான் இருந்தாக வேண்டும். சமையலறைக் கதவும் தூரம்.

பரிமாறுபவரைக் கூப்பிட்டாள். "நாளைக்குப் பன்னெண்டரைக்கு இந்த மேஜை எனக்கு வேணும் தம்பி. மூணு பேர். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

தம்பி என்று அழைக்கப்பட்ட அந்த ஆளுக்கு நாற்பது வயதாவது இருக்கும். முக்கால் மணி நேரமாக நாற்காலி மாறிக்கொண்டிருந்த அம்மாள் மேல் அவர் ஏற்கெனவே ஒரு கண் வைத்திருந்தார். "சரிங்கம்மா, எழுதி வெச்சுடறேன்," என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டுக்கே போய்விட்டாள். மூலை மேஜையில் சீட்டு வைத்திருந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தாள், கீழே வைத்தாள், மறுபடி மடியில் வைத்தாள். தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தாள். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு, முப்பது முப்பத்திரண்டு வயதுள்ள ஒரு பெண் படியேறி வந்தாள். கழுத்தில் ஆலையின் அடையாள அட்டை தொங்கியது. அவள்தான் மேனேஜர். இவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

"சீக்கிரமே வந்துட்டீங்களா? இங்க ஏன் ஒதுங்கி உக்காந்திருக்கீங்க? நடுவுல வட்ட மேஜை சொல்லியிருக்கேன், வாங்க வாங்க."

"இங்கயே காத்தோட்டமா இருக்கே, மேடம்."

"முதலாளிக்கு வட்ட மேஜைதான் பிடிக்கும்."

வேறு வழியில்லை. வட்ட மேஜை கூடத்தின் நட்டநடுவில் இருந்தது. பக்கத்தில் பழச்சாறு பிழியும் இடம், அங்கே ஐஸ் உடைக்கும் இயந்திரம். லைன் அக்கா உட்கார்ந்த நாற்காலியை மாற்றிக்கொள்வதற்குள் மேனேஜர் அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் முதலாளி வந்தார். அறுபது வயது, மெலிந்த தேகம், காலர் கசங்காத வெள்ளைச் சட்டை. நேராக வந்து அவளுடைய வலது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எட்டு வருஷமாகச் செத்துக் கிடக்கிற காதுக்குப் பக்கத்தில்.

அதோடு நிற்கவில்லை. மனிதருக்குக் குரலும் கிடையாது. உதட்டைப் பெரிதாக அசைக்காமல், உப்புக் கேட்பவர்போல மெதுவாகப் பேசுகிறவர். லைன் அக்கா உடம்பையே திருப்பி உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தாள். அவர் பேசுவதற்கு முன்னால் தானே பேசிவிட்டால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. ஆலை எத்தனை வருஷமாக ஓடுகிறது, ஒருநாளைக்கு எவ்வளவு துணி வருகிறது, ஆஸ்பத்திரித் துணியையும் ஓட்டல் துணியையும் ஒன்றாகத் துவைப்பார்களா என்று அடுக்கினாள். முதலாளி உற்சாகமாகப் பதில் சொன்னார். அந்தப் பதில்களில் பாதியை ஐஸ் இயந்திரம் தின்றது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சோறும் பருப்பும் பொரித்த மீனும் வந்தன. சிவப்பாக ஒரு சட்னி கிண்ணத்தில் வந்தது. முதலாளி அந்தக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே ஏதோ கேட்டார். "காரம்" என்று காதில் விழுந்தது.

"எனக்குக் காரம் அவ்வளவா ஒத்துக்காது சார். வயிறு எரியும்," என்றாள்.

முதலாளியின் கை கிண்ணத்தோடு நின்றது. மேனேஜர் சட்டென்று குனிந்து, அவளுடைய இடது பக்கத்திலிருந்து சொன்னாள். "பழைய கம்பெனியை மூடினதுக்குக் காரணம் என்னன்னு கேக்கறார்."

காரம் என்று கேட்டது தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் பதினாலு பேரைக் கட்டி மேய்த்தவள் அல்லவா, வாய் தானாகச் சமாளித்தது.

"அந்த வயித்தெரிச்சலைத்தான் சார் சொல்றேன். இருபத்திரண்டு வருஷம் உழைச்ச எடத்தை ஒரே நோட்டீஸ்ல மூடினாங்க. காரணம் கேட்டா பிளாஸ்டிக்னு ஒரு வார்த்தை. நெனச்சா எரியுதா இல்லயா?"

முதலாளி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அது அவளுக்கே கேட்டது. மேனேஜரும் சிரித்தாள். லைன் அக்கா மீனில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதில் முள் இருந்தது. சத்தமில்லாமல் அதை நாக்கால் ஒதுக்கிக் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டாள். துப்புவதற்கு அது நேரமில்லை.

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளமாக வந்தது. முதலாளி மென்றுகொண்டே கேட்டார். உதட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. 'கறை' என்பதும் 'எப்படிப் போக்குவீங்க' என்பதும் மட்டும் இடது காதைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. சலவை ஆலைக்காரர் கறையைப் பற்றிக் கேட்பதில் என்ன ஆச்சரியம்? அப்பாடா என்றிருந்தது. இது தெரிந்த பாடம்.

"முதல்ல அதை ஒளிச்சு வெக்கக்கூடாது சார்," என்றாள். "மடிச்சு அடியில போட்டா காஞ்சு அப்படியே தங்கிடும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. ஈரமா இருக்கறப்பவே வெளியில எடுத்துக் காட்டிடணும். ரத்தம்னா வெந்நீர் கிட்டயே போகக்கூடாது, பச்சத் தண்ணிதான். அவசரப்பட்டுச் சூடு காட்டினா இன்னும் அழுத்தமா பிடிச்சுக்கும்."

முதலாளி மெல்லுவதை நிறுத்தினார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை உரக்கவே பேசினார்.

"பதினஞ்சு வருஷமா இந்தக் கேள்வியைக் கேக்கறேன்மா. உங்ககிட்ட இருக்கற குறை என்ன, அதை எப்படிப் போக்குவீங்கன்னு. வர்றவங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க. நான் ரொம்ப உழைப்பேன் சார், அதான் என் குறைன்னு. நீங்க ஒருத்தர்தான், குறையைக் கறை மாதிரி வெச்சுப் பேசியிருக்கீங்க."

லைன் அக்கா தலையாட்டினாள். கன்னத்துக்குள் இருந்த முள் குத்தியது.

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. முதலாளிக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவர் தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். ஆலைக்கு முன்னால் பஸ் நிற்கும் என்றார். சீருடை அளவு கேட்டுக்கொள்ளும்படி மேனேஜரிடம் சொன்னார். தான் எதிர்பார்த்ததற்கு மேலேயே நல்லவிதமாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் உதட்டிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஐஸ் இயந்திரம் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் முதலாளி. இந்தத் தடவை அவர் குரலை உயர்த்தாமலே ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது. "மத்ததெல்லாம் நாங்க கத்துக் கொடுத்துடுவோம். தேய்க்கற கூடத்துல பெரிய ரோலர் நாலு இருக்கு. ஈர விரிப்பை ரெண்டு பக்கமும் பிடிச்சு உள்ள விடணும். துணி சுருண்டா விரலும் சேர்ந்து போயிடும். சூடு வேற. பொண்ணுங்க ஒரு சத்தம் போட்டா அடுத்த செகண்டு நீங்க சுவிட்ச்சுல இருக்கணும். அதுக்குத்தான் அனுபவம் உள்ள ஆள் தேடறேன். ஒண்ணாந் தேதியிலேருந்து வர முடியுமா?"

லைன் அக்கா, "கை கழுவிட்டு வந்துடறேன் சார்," என்று எழுந்தாள்.

கை கழுவும் இடத்தில் முள்ளைத் துப்பினாள். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரத்திலிருந்த ஒரு பெண்ணின் சட்டைக்கை, பெல்ட் திரும்புகிற இடத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. அவள் அலறினாள். லைன் அக்கா மூன்றடி தூரத்தில், முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒதுக்கி வைத்த பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி ஓடிவந்து சுவிட்சை அடித்த பிறகுதான், பெல்ட் நின்றுவிட்டதே என்று இவள் திரும்பினாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு விரல் போயிற்று. விசாரணையில், இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். கோடியில் நின்றவளுக்குக் கேட்டிருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. லைன் அக்காவும் சொல்லவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டாள். எவ்வளவு நல்ல மனசு என்று எல்லோரும் சொன்னார்கள்.

குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலாளி பக்கம் முழுசாகத் திரும்பிக்கொண்டாள்.

"சார், எனக்கு வலது காது சுத்தமா கேக்காது. இடது பாதிதான் கேக்கும்."

மேனேஜர் கையிலிருந்த தம்ளரை மேஜையில் வைத்தாள்.

"நீங்க காரணம் கேட்டப்ப எனக்குக் காரம்னுதான் கேட்டுச்சு. குறைன்னு கேட்டது கறைன்னு கேட்டுச்சு. நான் துணியைப் பத்திதான் சொன்னேன். பெருசா ஒண்ணும் யோசிச்சுச் சொல்லல."

அப்புறம் அந்தப் பெண்ணின் விரலைப் பற்றியும் சொன்னாள். எங்கேயும் கூட்டாமல் குறைக்காமல், எத்தனை அடி தூரம் என்பது வரைக்கும் சொன்னாள். சொல்லும்போது குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளியின் முகம் சிறுத்துப்போனது. ஒரு நல்ல பதிலைப் பாராட்டி ஏமாந்த கோபம் அதில் இருந்தது. "அப்ப இவ்வளவு நேரம் தலையாட்டினதெல்லாம்?" என்றார்.

"சும்மாதான் சார் ஆட்டினேன்."

"வேலை வேணும்னு வந்துட்டு எதுக்கு இப்ப சொல்றீங்க? முன்னாடியே சொல்லியிருக்கலாம். இல்ல, சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"முன்னாடி சொல்றதாவே இல்ல சார். நீங்க ரோலர்னு சொன்னதும் முடியல."

பரிமாறுபவர் சமயம் தெரியாமல் மூன்று கிண்ணத்தில் ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்தார். முன்பே சொல்லியிருந்தது. திருப்பி அனுப்பவும் முடியாது. மூன்று பேரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. தன் கிண்ணம் காலியான பிறகு முதலாளி அவளுடைய இடது பக்கத்துக்கு எழுந்து வந்தார். மேனேஜர் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ரோலர் ஓடற எடத்துல உங்களை நிறுத்த முடியாதும்மா. தெரியுதில்ல?"

"தெரியுது சார்."

"அன்னைக்கு நீங்க திரும்பிப் பாத்திருந்தா தப்பிச்சிருக்குமா?"

அவள் யோசித்தாள். மூன்று வருஷமாக யோசித்ததுதான். "திரும்பிப் பாத்திருந்தாலும் சுவிட்ச் எட்டடி தள்ளி இருந்துச்சு சார். கத்தறதை நம்பி மெஷினை ஓட்டக்கூடாது. பெல்ட்டு நீளத்துக்கும் ஒரு கயிறு கட்டி விடணும். யார் இழுத்தாலும் நிக்கணும். மாட்டிக்கிட்டவளே இழுக்கலாம். எழுதிக் கொடுத்தேன். செய்யறோம்னாங்க, செய்யல."

முதலாளி "ம்" என்றார். பில்லுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போய்வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு படியிறங்கினார். மேனேஜர் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

லைன் அக்கா வீட்டுக்கு நேரே போகவில்லை. தன்னுடைய பஸ் வந்தது, ஏறவில்லை. நடந்தாள். நாலு நிறுத்தம் நடந்து, ஐந்தாவதில் ஏறி, ஆறாவதில் இறங்கி மறுபடி நடந்தாள். பைத்தியக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கைக்கு எட்டினதை வாயாலேயே தட்டிவிட்டு வந்தாயிற்று. இன்னொரு பக்கம், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டதுபோலவும் இருந்தது. இரண்டும் மாறி மாறி வந்ததில் எதையும் ஒழுங்காக அனுபவிக்க முடியவில்லை.

வீட்டில் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மகள் அழுதாள். வேலை போனதற்கா, காது போனதற்கா என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்காரர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டார்.

"அப்ப நான் இத்தனை வருஷமா சொன்னது ஒண்ணும் உனக்குக் கேக்கலயா?"

"முக்காவாசி கேட்டுச்சு."

"பின்ன ஏன் பதில் சொல்லல?"

"அதுக்கெல்லாம் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல," என்றாள். மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் பேசும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றுதான் பேசினார்.

அடுத்த வாரம் மகள் அவளைக் காது சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்த்தி, காதில் மூடியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். லைன் அக்காவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. கேட்காதபோதும் அழுத்தினாள். சோதனை செய்த பெண் மூன்று தடவை கூண்டைத் திறந்து, "அம்மா, இது பரீட்சை இல்ல. தெரியாததுக்கு எழுத வேண்டாம்," என்றாள். நாலாவது தடவைதான் ஒழுங்காக முடிந்தது. வலது காதில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. இடதுக்குக் கருவி வைக்கலாம். அவரை விதை அளவில் ஒன்றை வைத்து அனுப்பினார்கள்.

முதல் நாள் பூராவும் அவளுக்கு வீடே பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் உறுமியது. மகள் செருப்பைத் தேய்த்து நடந்தாள். வீட்டுக்காரர் சோறு மெல்லும் சத்தம் கேட்டு, "இப்படித்தான் எப்பவும் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

அந்தச் சாப்பாடு நடந்து பன்னிரண்டாவது நாள் மேனேஜர் கூப்பிட்டாள். இந்தத் தடவை போனை லைன் அக்காவே எடுத்தாள்.

"மேற்பார்வையாளர் வேலைக்கு வேற ஒருத்தரைப் போட்டாச்சு. அது உங்களுக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தாள். "தேய்ச்சு வந்த துணியைப் பிரிச்சுப் பாத்து, கிழிசல், அழுக்கு இருக்கறதை ஒதுக்கற அறை ஒண்ணு இருக்கு. மெஷின் கிடையாது. ஏழு பேர். அவங்களைப் பாத்துக்க ஆள் வேணும். அதைவிடச் சம்பளம் கம்மிதான். வருவீங்களா?"

"கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க மேடம். ஏழு பேரா, எழுபது பேரா?"

"ஏழு."

"இது முதலாளிக்குத் தெரியுமா?"

மேனேஜர் தயங்கினாள். "முதல்ல வேண்டாம்னுதான் சொன்னார். நாலு நாள் உங்க பேச்சையே எடுக்க விடல. நேத்து அவரே ஆளை வரவழைச்சு நாலு ரோலருக்கும் கயிறு கட்டறதுக்கு அளவெடுக்கச் சொன்னார். அப்ப பாத்துக் கேட்டேன். சரின்னுட்டார். ஆனா ஒண்ணு, காதுக்குப் பாத்த சீட்டைக் கொண்டுவந்து காட்டணும்னார்."

"காட்டறேன்," என்றாள். பிறகு, "கயிறு இடுப்பு உயரத்துல இருக்கணும். ரொம்ப மேல கட்டினா பிரயோஜனமில்லன்னு சொல்லுங்க," என்றாள்.

முதல் தேதி காலையில் போய்ச் சேர்ந்தாள். அறை நீளமாக, வெளிச்சமாக இருந்தது. ஏழு பேரும் பழைய கைகள். புதிதாக மேலே வந்து உட்கார்ந்தவளை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கருவியைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். லைன் அக்காவுக்கு அது கேட்டது. அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் முதல் மூட்டையைப் பிரித்தாள்.

பதினொரு மணிக்கு அவளால் உட்கார முடியவில்லை. கீச், கீச் என்று ஒரு சத்தம். எங்கிருந்தோ வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே," என்றாள் அவள். மற்றவர்களைக் கேட்டாள். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து சத்தத்தின் பின்னாலேயே போனாள். துணி தள்ளிக்கொண்டு வரும் வண்டி. முன் சக்கரம் காய்ந்து கிடந்தது. வருஷக்கணக்காக அதைத் தள்ளித் தள்ளி அவர்கள் காதுக்கு அது சத்தமாகவே தோன்றாமல் போயிருந்தது. கிடங்கில் போய்க் கொஞ்சம் எண்ணெய் வாங்கிவந்து, முழங்காலில் உட்கார்ந்து சக்கரத்துக்கு விட்டாள். அப்புறம் நிமிர்ந்து, மொத்தம் எத்தனை வண்டி இருக்கிறது என்று கேட்டாள்.

"பத்தொம்பது," என்றாள் ஏழு பேரில் ஒருத்தி.

"எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு வாங்க," என்றாள் லைன் அக்கா.